ஸ்பிரிங் மாற்றி காரை உயர்த்தும்போது செய்யும் தவறுகள்

ஐந்து பேர் ஏறினால் ஸ்பீட் பிரேக்கரில் காரின் அடிப்பகுதி உரசுகிறது. உடனே ஸ்பிரிங்கை மாற்றி ஒரு இன்ச் ஏற்றிவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. பழைய கார் என்றால் இருக்கும் ஸ்பிரிங்கே தளர்ந்து இறங்கியிருக்கலாம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, கம்பெனி குறிப்பிடும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால், கம்பெனி ஸ்பிரிங்கையே புதிதாகப் போட்டால் போதும்.

அடுத்தது, "கொஞ்சம் தடியான ஸ்பிரிங் கொடுங்க" என்று கேட்பது. அந்தக் 'கொஞ்சம்' சின்ன விஷயமில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 12 மி.மீ. கம்பி 12.3 ஆனாலே விறைப்பு 10 சதவீதம் ஏறும். பழைய ஸ்பிரிங் பாரத்தில் 150 மி.மீ. அமுங்கியிருந்தால், புதியது சுமார் 136 மி.மீ.தான் அமுங்கும். கிடைப்பது 14 மி.மீ. உயரம், கூடவே குலுக்கலும். விறைப்பு மாறாமல் நீளம் மட்டும் கூடிய ஸ்பிரிங் வேறு வகை. எதை வாங்குகிறோம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பலரும் மறப்பது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரை. ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், வண்டி எவ்வளவு உயர்கிறதோ, சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் அவ்வளவு குறையும். நிற்கும் நிலையிலிருந்து ஷாக் இன்னும் 80 மி.மீ. நீளும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 30 மி.மீ. உயர்த்தினால் மிச்சம் 50தான். பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு 'டங்' என்று முட்டும். இது தொடர்ந்தால் ஷாக் சீக்கிரம் போய்விடும். விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கவும் பழைய ஷாக்குக்குத் திராணி இருக்காது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் கூடுவதால் அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். என்னைக் கேட்டால், சாதாரண ஷாக்கோடு 20 மி.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை இழுத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அந்த இடத்தில் ஒடியும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் கருவி இல்லாமல், முன்பக்க ஸ்டிரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் நட்டைக் கழற்றுவதும் உயிரோடு விளையாட்டுதான்.

சரி, மாற்றியாயிற்று. வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஹெட்லைட் கிட்டத்தில் தரையைப் பார்க்கும், முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கடைக்காரர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சில கார்களில், பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உங்கள் காரில் அது இருந்தால் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.