இம்பிளான்ட் தசைக்கு மேலேயா, கீழேயா? கிளினிக்குக்குப் போகுமுன் வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை

எனக்குப் பிறவியிலேயே இடது மார்பு சிறியது. இரண்டையும் ஒப்பாக்க இம்பிளான்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிக்கன் அல்லது உப்புநீர்ப் பை) வைத்துக்கொண்ட பிறகு, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து எழுதுகிற தங்கச்சிமார் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "அக்கா, தசைக்கு மேலே வைக்கிறது நல்லதோ, கீழே வைக்கிறது நல்லதோ?" யாருடைய தசை, யாருடைய தோல், அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த மூன்றையும் நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கடைசி முடிவு சேர்ஜனுடன் கதைத்து எடுப்பதுதான். ஆனால் வெறுங்கையோடு போய் இருந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

சிலிக்கனா உப்புநீரா, எத்தனை சீசீ அளவு என்பதெல்லாம் இங்கே இல்லை. வைக்கும் இடம் மட்டும்.

படி 1: கிள்ளி அளத்தல்

கண்ணாடி முன் நின்று, மார்பின் மேற்பாதியில், காம்புக்கு நன்றாக மேலே, தோலையும் கொழுப்பையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். தசை அகப்படக் கூடாது. அந்தப் பக்கத்துக் கையை இடுப்பில் ஊன்றி அழுத்தினால் தசை இறுகி உள்ளே நின்றுவிடும். விரலுக்குள் வருகிற மடிப்பின் தடிப்பு 2 சென்ரிமீற்றருக்குக் குறைவா கூடவா என்று பாருங்கள். குறைவென்றால், தசைக்கு மேலே வைத்த இம்பிளான்ட்டின் விளிம்பும் அலைபோன்ற சுருக்கங்களும் தோலில் தெரிய வரலாம். அதனால் சேர்ஜன்மார் பெரும்பாலும் தசையின் மறைப்பைத் தேடுவார்கள். கூடவென்றால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

தையல் நாடா இதற்கு உதவாது, மடிப்பின் மேல் வளைந்துவிடும். ஹாட்வெயார் கடையில் விற்கிற பிளாஸ்டிக் வேர்ணியர் (தடிப்பு அளக்கிற கருவி) போதும். உருக்கு வேர்ணியரின் கூர் தோலில் குத்தும், அதை வாங்காதீர்கள். நாடாவை அகலம் அளக்க வைத்துக்கொள்ளுங்கள்: நெஞ்செலும்புப் பக்க ஓரத்திலிருந்து அக்குள் பக்க ஓரம் வரை. இம்பிளான்ட்டின் அகலம் இதைத் தாண்டக் கூடாது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் மார்பு வீங்கியிருக்கும், அப்போது அளக்க வேண்டாம்.

காம்பு, மார்புக்குக் கீழ் உள்ள மடிப்பை விடத் தாழ்ந்து நிற்கிறதா என்றும் பார்த்துக் கொப்பியில் குறியுங்கள். தாழ்ந்திருந்தால் இம்பிளான்ட்டோடு தூக்கித் தைக்க வேண்டியும் வரலாம். அது வேறு கதை.

படி 2: கையின் வேலை

வெளிநாட்டுப் பக்கங்களில் இதை "ஜிம்முக்குப் போகிறீர்களா" என்று ஒரு வரியில் கேட்டு முடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஜிம் கிணற்றடியில் இருக்கிறது. வலது கையால் கப்பிக் கயிற்றை இழுங்கள், இடது உள்ளங்கையை வலது நெஞ்சின் மேல் வையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே ஒன்று திரண்டு இறுகுவது தெரியும். உலக்கை போட்டாலும், விறகு கொத்தினாலும் அதுதான். நாம் கதைக்கிற நெஞ்சுத் தசை அதுதான், பெயர் பெக்டோராலிஸ் மேஜர்.

இம்பிளான்ட் இந்தத் தசைக்குக் கீழே இருந்தால், தசை இறுகும் நேரத்தில் அது மேலேயும் பக்கவாட்டிலும் நகர்ந்து, மார்பின் உருவம் ஒரு கணம் மாறும். சிலருக்கு அது கண்ணிலேயே படாது, சிலருக்கு உடுப்புக்கு மேலாலும் தெரியும். நாள் முழுக்க மேசை வேலை என்றால் பெரிய விஷயமில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீடென்றால் யோசிக்க வேண்டும். முதல் நாட்களின் நோவும் கீழே வைத்தவர்களுக்குத்தான் கூட. எங்கே வைத்தாலும் நாலு தொடக்கம் ஆறு கிழமை வரை பாரம் தூக்க விடமாட்டார்கள். யார் தண்ணீர் அள்ளுவது என்பதை முதலே வீட்டில் பேசி வையுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. எந்த இம்பிளான்ட்டைச் சுற்றியும் உடம்பு ஒரு சவ்வு கட்டும். சிலருக்கு அது இறுகி, மார்பு கல்லுப்போல ஆகி, நோகும். தசைக்கு மேலே வைத்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மமோகிராம் (மார்பின் எக்ஸ்ரே) எடுக்கும்போதும் கீழே இருக்கும் இம்பிளான்ட் பால் சுரப்பியைக் குறைவாக மறைக்கும்.

படி 3: படம் கீறிக்கொண்டு போதல்

எனக்கு அதிகம் சிக்கிய இடம் இது. "தசைக்குக் கீழே" என்று சேர்ஜன் சொன்னதும் முழு இம்பிளான்ட்டும் தசையால் மூடப்படும் என்றுதான் நாம் நினைப்போம். அந்தத் தசை பனையோலை விசிறி மாதிரி. பிடி தோள்ப்பக்கக் கை எலும்பில், விரிந்த பக்கம் காறை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாவிலும். மார்பின் கீழ் வெளிப்பக்கத்துக்கு அது எட்டுவதே இல்லை.

ஆகவே இன்று "கீழே" என்று சொல்வது பெரும்பாலும் இரட்டைத் தளம், டுவல் பிளேன். மேற்பாதி தசைக்குக் கீழேயும், கீழ்ப்பாதி சுரப்பிக்குக் கீழேயும் இருக்கும். அதற்காகத் தசையின் கீழ் ஓரப் பிடிப்பை விலாவிலிருந்து வெட்டி விடுவார்கள். எவ்வளவு வெட்டுகிறார், சுரப்பியைத் தசையிலிருந்து எவ்வளவு தூரம் பிரிக்கிறார் என்பதில் பல வகை உண்டு, கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். இவை தவிர தசையை மூடியிருக்கிற மெல்லிய உறைக்கும் தசைக்கும் இடையில் வைக்கிற முறையும் இருக்கிறது.

கொப்பியில் மார்பைப் பக்கவாட்டாகக் கீறி, தோல், சுரப்பி, தசை, விலா என்று நாலு கோடு போடுங்கள். பேனையைச் சேர்ஜனிடம் கொடுத்து, இம்பிளான்ட்டை அவரையே கீறச் சொல்லுங்கள். தசையில் வெட்டுகிற இடத்தில் ஒரு புள்ளடி போடச் சொல்லுங்கள். கொழும்பில் அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைத்தாலும் படம் படம்தான். நான் கண்ட சேர்ஜன்களில் ஒருவர் இதைக் கேட்டதும் எரிச்சல்பட்டார். அவரிடம் நான் திரும்பிப் போகவில்லை.

கைபேசியில் காட்டுகிற முன்-பின் படங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். உள்ளங்கைகளைக் கூப்பி அழுத்தும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 4: வெட்டு வேறு, இடம் வேறு

மார்பு மடிப்பில், காம்பின் கருவட்டத்தில், அக்குளில் என்று எந்த வழியால் போனாலும் இம்பிளான்ட்டை மேலேயும் வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பாதீர்கள். எனக்குப் பிடித்தது மடிப்பு வெட்டு. சேர்ஜனுக்கு நேராகத் தெரியும், பிறகு திறக்க வேண்டி வந்தாலும் அதே வழி. காயம் தடித்து எழும்புகிற உடம்பென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

புகைப்பதை நிறுத்தச் சொல்வார்கள், அது காயம் ஆறுவதற்காக. "நான் புகைக்கிறதில்லை, வெத்திலை மட்டும்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். வெற்றிலையோடு புகையிலை போட்டால் அதிலும் நிக்கொட்டின்தான். அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

மேலே வைத்தால் இம்பிளான்ட்டுக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு நல்லதாமே என்று கேட்டவர்களுக்கு: சவ்வு இறுகுவதைக் குறைக்கவே அந்த வகை வந்தது. ஆனால் ஓர் அரிய வகை லிம்போமாப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டபடி அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. மேற்பரப்பு எது என்று கேட்டு, இம்பிளான்ட்டின் விவரம் எழுதிய அட்டையையும் வாங்கிப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டு விளக்கங்கள் எதிலும் நான் காணாதது. புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர், 2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் தோளுக்குக் கிட்ட இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று விட முடியாது, இரண்டு காரணம். தழும்பு பிடித்த தசையைப் பிரித்தெடுப்பது கடினம், ஆகவே கீழே வைக்கும் திட்டமே மாறலாம். சிலிக்கன் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கானும், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறையும் எடுக்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ. அதற்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், அந்த இயந்திரத்தின் காந்தம் உடம்பிலுள்ள இரும்புத் துண்டை இழுக்கலாம், சூடாக்கலாம். அல்ட்ராசவுண்டில் அந்தப் பிரச்சினை இல்லை. துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற எக்ஸ்ரே ஒன்றை முதல் சந்திப்புக்கே கொண்டு போங்கள்.