தோல் ஆலைக்கு ஒரு கொள்முதல் அணியை உருவாக்குவது எப்படி?

ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் ஆலைகள் பலவற்றில் கொள்முதல் இன்றும் முதலாளியின் கைப்பேசியிலேயே நடக்கிறது. ஆர்டர்கள் பெருகி அது சமாளிக்க முடியாமல் போகும்போது, பேரம் பேசத் தெரிந்த ஒருவரைத் தேடுவதே வழக்கமாக உள்ளது. என் கருத்தில், முதலில் வேண்டியவர் சரக்கைத் தொட்டுத் தரம் சொல்லக்கூடியவர்.

முதல் படி, பட்டியல். கடந்த ஓராண்டு பில்களை எடுத்து, எதற்கு அதிகப் பணம் போகிறது, எது வராவிட்டால் வேலை நிற்கும் என்று தனித்தனியாக எழுதுங்கள். சோடியம் சல்ஃபைடுக்கான தொகை சிறியதுதான். ஆனால் அது தீர்ந்தால் முடி நீக்கும் வேலையே முடங்கும்.

இரண்டாவது படி, ஆட்கள். தரம் பார்ப்பவரை வெளியே தேடாமல், உங்கள் ஆலையின் செலக்‌ஷன் மேசையில் (தோல்களைத் தரவாரியாகப் பிரிக்கும் இடம்) பல ஆண்டுகள் நின்றவரைக் கொண்டுவாருங்கள். அவர் உப்பிட்ட ஆட்டுத்தோலின் முடியைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் அழுகல் தொடங்கிவிட்டதென்று பொருள். பிறகு தோலைத் திருப்பி, உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல்களைத் தேடுவார். அவர் அருகில், கணக்கும் கணினியும் தெரிந்த இளைஞர் ஒருவரை அமர்த்துங்கள்.

மூன்றாவது படி, விலையை ஒப்பிடும் பயிற்சி. இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். சதுர அடி 80 ரூபாய்க்கு வரும் தோலில் 85 விழுக்காடும், 84 ரூபாய்க்கு வரும் தோலில் 92 விழுக்காடும் வெட்டுக்குத் தேறுவதாக வைத்துக்கொள்வோம். தேறும் ஒரு சதுர அடிக்கு முதலாவது ஏறத்தாழ 94 ரூபாய், இரண்டாவது 91 ரூபாய். இந்தக் கணக்கோடு லாரி வாடகையையும் கடன் நாட்களையும் சேர்த்துப் போடப் பழகியவரே பேரத்துக்கு உட்காரலாம்.

ரசாயனத்தில் மலிவு இன்னும் ஏமாற்றும். மனிதச் சருமத்தில் நேரடியாகத் தோல் பொருள்கள் படுமானால், அவற்றில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே முதல் நடப்பில் உள்ளது. நிறைவுறாக் கொழுப்புள்ள சில ஃபேட்லிக்கர்கள் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவைகள்) அந்தக் குரோமியம் உருவாகத் துணைபோகும் என்பதால், ஆய்வகச் சான்றைப் படிக்கத் தெரியாதவர் அவற்றை வாங்கவே கூடாது.

அடுத்தது அதிகாரப் பிரிப்பு. சரக்கு கேட்பவர், ஆர்டர் போடுபவர், ஸ்டோர்ஸில் எண்ணி வாங்குபவர், பணம் கொடுப்பவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றும் பொருந்தினால் மட்டுமே பணம் போக வேண்டும்; உறவினர் கடைச் சரக்குக்கும் இதே விதிதான்.

பணம் கொடுக்கும் தேதியையும் அணியே கவனிக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனச் சப்ளையருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது; எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களே. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே, சப்ளையர் பதிவேட்டில் ஒவ்வொருவரின் உத்யம் எண்ணையும் (அரசிடம் பெற்ற எம்எஸ்எம்இ பதிவு எண்) முதல் ஆர்டருக்கு முன்பே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.