பெஸ்ஷோ வெந்நீர் ஊற்றுக்குக் குட்டி ரயிலில் போவது எப்படி?

டோக்கியோவில் ஹொக்குரிக்கு ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் உவேடா நகரம் வந்துவிடும், பெஸ்ஷோ லைன் என்ற அந்தக் குட்டி ரயில் அங்கிருந்தே கிளம்புகிறது. ஜேஆர் பாஸை (ஜப்பானின் ஜேஆர் ரயில்களுக்கான பயண அட்டை) நீட்டாதீர்கள், இது தனியார் லைன், தனி டிக்கெட்தான். மொத்தமே 11.6 கிலோமீட்டர், அரை மணிப் பயணம். ஆனால் ரயில்கள் அடிக்கடி கிடையாது, அதனால் திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பியதும் ஜன்னலை விட்டு நகராதீர்கள். சிக்குமா ஆற்றின் மேல் சிவப்பு இரும்புப் பாலம் வரும், 2019 அக்டோபர் புயல் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து, 2021 மார்ச்சில்தான் முழு லைனும் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்புறம் வயல்வெளிதான்.

பெஸ்ஷோ ஒன்சென் (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று) கடைசி நிலையம். ஊற்று நீரில் குளிக்கும் பொதுக் குளியல் கூடங்களில் இஷியு, தாய்ஷியு இரண்டும் பெயர்பெற்றவை. துண்டும் சோப்பும் கையோடு கொண்டுபோங்கள், வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள் (கந்தக நீர், கறுத்துவிடும்). உடை எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும், அதற்கு முன் உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

நேரம் மிச்சமிருந்தால் அன்ராகுஜி கோயிலின் எண்கோண மரக் கோபுரத்துக்கு நடந்தே போகலாம். என்னைக் கேட்டால் குளிப்பதற்கு முன்பே போய்விடுவது நல்லது, படியேறி வியர்த்த பிறகு வெந்நீர் இன்னும் சுகம்.