கொழும்பில் வீதியோர பைக்கர் பாருக்குச் செல்வோருக்கு

மோட்டார் சைக்கிளோட்டிகள் கூடும் வீதியோர பார் ஒன்றில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க விரும்புகிறவர், வீட்டுக்குத் திரும்பும் வழியைப் புறப்படும் முன்னரே தீர்மானித்துவிட வேண்டும். பைக்கில் போவதாயின் அன்று மதுவைத் தொடக்கூடாது. குடிப்பதாயின் பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டு ஓட்டோவில் போய் ஓட்டோவில் வர வேண்டும். "ஒரு போத்தல்தானே, இரண்டு மணித்தியாலத்தில் இறங்கிவிடும்" என்று மேசைக்கு ஒருவராவது சொல்வார். அவருடைய கணக்கு பிழையானது. 625 மில்லிலீற்றர் லயன் ஸ்டவுட் போத்தலின் மதுசார அளவு 8.8 வீதம் என்பதால், அந்த ஒரு போத்தலிலேயே ஏறத்தாழ 43 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது, 4.8 வீத லாகராக இருந்தாலும் 24 கிராம் அளவில் இருக்கும். சராசரி உடல் ஒரு மணித்தியாலத்தில் ஏழு முதல் பத்து கிராம் வரையே அகற்றும் என்று கொண்டால், இரவு எட்டு மணிக்குக் குடித்து முடித்த ஸ்டவுட் நள்ளிரவு தாண்டியும் இரத்தத்தில் நிற்கும். கோப்பியோ, தேசிக்காய்ச் சாறோ, முகத்தில் அடிக்கும் குளிர்நீரோ அதை ஒரு நிமிடம்கூட விரைவுபடுத்துவதில்லை.

அடுத்ததாக நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி நாளான போயா தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை உண்டு. வெசாக் காலத்தில் அது ஒரு நாளுடன் முடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த உறவினரை அழைத்துக்கொண்டு போய், பூட்டிய கதவின் முன் நின்று திரும்பும் குடும்பங்களை வெள்ளவத்தையில் அடிக்கடி காணலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய நாளாந்த வழக்கமாகிவிடும் என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள். திறந்த முற்றத்தில் இசைக்குழு அமரும் இடமாயின், மழை வந்ததும் ஒலிபெருக்கிகளுக்கு மேல் தார்ப்பாய் விரித்துவிட்டு எல்லோரும் உள்ளே ஒண்டிக்கொள்வார்கள். அன்றைய இசை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும்.

இசைக்காகப் போகிறவர்கள் நேரத்தோடு போவது நல்லது. ஒலிபெருக்கிப் பாவனை தொடர்பாக உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் வழங்கிய உத்தரவின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றுக்கு அனுமதி வழங்குதல் பொதுவாகத் தவிர்க்கப்பட வேண்டும். நான்கு சுவர்களுக்குள் இயங்கும் இரவு விடுதிகளின் கதை வேறு. குடியிருப்புகளுக்கு நடுவே வீதியைப் பார்த்தபடி திறந்திருக்கும் பாருக்கு அயலவரின் ஒரு தொலைபேசி அழைப்பே போதும். ஆகவே ஒன்பதரை மணிக்குச் சாவகாசமாக வந்து இறங்குகிறவர்கள், கம்பிகளைச் சுருட்டும் காட்சியைத்தான் காண்பார்கள். ஏழு மணிக்கு முன்னரே போய் அமர்ந்துவிடுங்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? சுவரில் பழைய டயரையும் பொய்யான அமெரிக்க எண் தகட்டையும் மாட்டிவிட்டு, முற்றத்தில் கார்களை மட்டுமே நிறுத்தியிருக்கும் இடங்கள் கொழும்பில் ஏராளம். அவை அலங்காரம் மட்டுமே என்பது என் கருத்து. உண்மையான இடத்தை அதன் வாசலைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்: விலையுயர்ந்த றோயல் என்ஃபீல்டுக்குப் பக்கத்தில் அலுவலகம் முடிந்து வந்த ஒருவரின் பல்சரோ, பழைய ஹொண்டா 125ஓ கூச்சமின்றி நிற்கும், தரையில் எண்ணெய்க் கறை இருக்கும், யாரோ ஒருவர் குந்தியிருந்து சங்கிலியின் இறுக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வகை இடங்களின் முன்னோடி என்று உலகெங்கும் பேசப்படும் லண்டன் ஏஸ் கஃபே, 1938இல் லொறிச் சாரதிகளுக்குத் தேநீரும் உணவும் கொடுக்கத் திறக்கப்பட்ட வீதியோரக் கடைதான். போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949இல் மீண்டும் கட்டப்பட்ட பின்னரே இளம் மோட்டார் சைக்கிளோட்டிகள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஓட்டுகிறவர்கள் தாமாகத் தேடி வந்து தரிக்கும் இடமே பைக்கர் இடம். பெயர்ப்பலகை அதை உண்டாக்குவதில்லை.

இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லாத காரணத்தால், தெற்கேயிருந்து வருகிறவர்கள் பாணந்துறை, மொறட்டுவை ஊடாகக் காலி வீதியாலும், வடக்கேயிருந்து வருகிறவர்கள் நீர்கொழும்பு வீதியாலும், மலையகத்திலிருந்து இறங்குகிறவர்கள் கண்டி வீதியாலுமே கொழும்புக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஞாயிறு அதிகாலையில் புறப்பட்டுப் போன குழுக்கள் திரும்பும் பொழுதில் இவ்வீதிகளின் ஓரத்துக் கடைகளில் தலைக்கவசங்கள் வரிசையாக இருப்பதைக் கண்டால், அங்கே இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்துப் பாருங்கள். மாலையில் இசை கேட்க எங்கே போகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிவது எந்த விளம்பரத்தையும் விட நம்பகமானது.

வாசலில் வண்டி நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கு முன்னர் வந்தவர்கள் எந்தப் பக்கமாகச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்களோ அதே பக்கமாக, முன்சக்கரத்தை வீதிப் பக்கம் திருப்பி, பின்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். போகும்போது பத்துப் பேரை எழுப்பாமல் எடுக்கலாம். பகல் வெயிலில் இளகிய தாரிலும், கல்கிசைப் பக்கத்து மணலிலும் பக்கத் தாங்கி மெதுவாகப் புதைந்து, அரை மணி நேரத்தில் வண்டி சரிந்துவிடும். ஒன்று சரிந்தால் அடுத்தடுத்து நிற்பவையும் சரியும். அனுபவசாலிகள் ஆசனத்தின் அடியில் ஒரு தட்டையான பலகைத் துண்டு வைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் வெற்றுச் சோடா ரின் ஒன்றை மிதித்துத் தட்டையாக்கித் தாங்கியின் கீழ் வைத்தால் போதும். பிறருடைய வண்டியில் ஏறி அமர்ந்து படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். கேட்காமல் ஏறினால் அன்றைய மாலை அங்கேயே கெட்டுவிடும். சிறுவர்களும் சேலை உடுத்தவர்களும் வரிசைக்கு நடுவே நுழைய வேண்டாம், அப்போதுதான் நின்ற வண்டியின் சைலன்சர் கெண்டைக்காலைப் பொசுக்கிவிடும். தலைக்கவசத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போவது இங்கே பொது வழக்கம்.

உள்ளே போனதும் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமராமல், சற்று ஒதுங்கிய மேசையாகப் பாருங்கள். வீதியை ஒட்டிய மேசை காற்றோட்டமானது, ஆனால் காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது அடிக்கும் ஹோர்னில் பாட்டின் பாதி போய்விடும். புகைப்பவர்களும் அங்கேதான் கூடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. ஹொட் பட்டர் கணவாய், டெவல்ட் கோழி, அவித்த கடலை என்று மதுவுடன் கொறிக்கும் பைட்ஸ் எங்கும் கிடைக்கும்; கணவாய் மொறுமொறுப்பாக வருகிறதா என்பதை வைத்தே சமையலறையை மதிப்பிட்டுவிடலாம். தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்படும் சாராயத்தில் இஞ்சிச் சுவையுள்ள மென்பானமான ஈஜிபியைக் கலந்து தேசிக்காய் பிழிவது இந்நாட்டு வழக்கம். வண்டியோட்டி வந்தவர் சாராயத்தை விட்டுவிட்டு மிகுதியை மட்டும் கேட்கலாம், அதை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. இருபத்தொரு வயது நிறையாதவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும், ஆகவே மீசை அரும்பிய தம்பிமாரை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்கும் சேர்த்து ஈஜிபியே சொல்லுங்கள்.

பெண்கள் போகலாமா என்ற கேள்வி எப்போதும் வருகிறது. பெண்களுக்கு மது விற்பதை மட்டுப்படுத்திய 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். ஆனால் கொழும்பில் உணவகத்துடன் சேர்ந்த பார்களில் பெண்கள் அமர்ந்து உண்பதும் குடிப்பதும் சாதாரணம். குடும்பமாக மேசையில் இருப்பவர்களைக் காணும் இடத்தைத் தேர்ந்தால் இது ஒரு சிக்கலே அல்ல.

இனி இசை. இத்தகைய இடத்தில் முழு இசைக்குழுவை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு கிற்றார், உட்கார்ந்தபடியே கையால் தட்டும் கஹோன் பெட்டி ஒன்று, பாடகர் ஒருவர் என்ற அளவே பெரும்பாலும் இருக்கும். முதற்பகுதியில் எழுபதுகளின் ஆங்கில ரொக், புளூஸ் பாடல்கள் வரும். இடைவேளைக்குப் பின்னர் சிங்களப் பாடல்களுக்கு நகர்ந்து, முடிவில் பைலாவில் வந்து நிற்பார்கள். போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக வளர்ந்த பைலாவின் எட்டில் ஆறு தாளம் தொடங்கியதும், அதுவரை கை கட்டி அமர்ந்திருந்த தாடிக்காரர்களும் எழுந்துவிடுவார்கள். தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் கேட்க வேண்டிய தருணம் அதுவே. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பாடிப் பரப்பிய இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் துள்ளல் பைலாவுக்கு மிக நெருங்கியது என்பதால், தமிழறியாத கலைஞர்களும் அவற்றின் மெட்டைத் தயக்கமின்றி வாசித்துவிடுவார்கள். சொற்களை உங்கள் மேசை பாடிக்கொடுக்கலாம். புதிய சினிமாப் பாட்டைக் கேட்டு அவர்களைத் திண்டாட வைப்பதில் பயனில்லை. பாட்டின் நடுவில் மேசையிலிருந்து கத்தாமல், இடைவேளையில் எழுந்து போய், "அண்ணா, இது வாசிக்க முடியுமா?" என்று கேளுங்கள், அல்லது ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் முன் வைத்திருக்கும் பெட்டியில் பணம் போட மறக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் சேரும் சேவைக் கட்டணம் வாசிப்பவர்களின் கைக்குப் போகும் என்று நினைத்துவிட முடியாது.

அந்தப் பற்றுச்சீட்டைச் சற்று நின்று படியுங்கள். விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 5,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், 10 வீத சேவைக் கட்டணத்துடன் 5,500 ஆகி, அதன்மேல் 18 வீத வற் வரி சேர்ந்து 6,490 ரூபாயில் முடியும். இசை இரவுகளில் நுழைவுக் கட்டணம் உண்டா, வெளியிலிருந்து போத்தல் கொண்டு வரலாமா, அதற்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்பவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பைக்கில் வந்தவர் மனம் மாறிக் குடித்துவிட்டால், வண்டியை அங்கேயே விட்டுச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் நிற்கும் காவலாளி ஐயாவிடம் சொல்லி, விளக்கு விழும் இடத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய், கைப்பிடியைப் பூட்டி, தலைக்கவசத்தையும் வாகனப் பத்திரங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு பிக்மீ செயலியில் ஓட்டோவை அழையுங்கள். மரைன் டிரைவ் போன்ற கடலோர வீதியில் நிறுத்தியிருந்தால், மறுநாள் எடுத்ததும் சங்கிலியையும் பிரேக் தட்டையும் நன்னீரால் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்ட பின்னர் ஓட்டுங்கள்; தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஓர் இரவின் உப்புக்காற்றே துருவேற்றப் போதுமானது.