அடிக்கும் வீட்டை விட்டு வெளியேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வெளியே வந்துவிட்டால் வீட்டில் உரிமை போய்விடும்’ என்று நம்பி அடியைத் தாங்கிக்கொண்டு இருக்கும் பெண்கள் ஏராளம். அந்த நம்பிக்கை தவறு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. மாமனார் பெயரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் இது சொத்தில் பங்கு இல்லை. இரண்டையும் குழப்பி மனு எழுதினால் வழக்கு திசைமாறிப் போகும்.

19ஆம் பிரிவின்படி கணவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவும், வாடகை கட்டவும் சொல்லலாம். பலர் மனுவில் ‘பாதுகாப்பு வேண்டும்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வாடகையைத் தொகை போட்டுக் கேளுங்கள், ரசீதையும் இணையுங்கள்.

காவல் நிலையத்தோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், பெரும்பாலும் இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் எழுதி அனுப்பிவிடுவார்கள். குடியிருப்பு உத்தரவு நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், நடந்ததை அறிக்கையாக எழுதி மனு போட உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடக் கணவர் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆபத்து அதிகம் என்றால், கணவர் நீதிமன்றத்துக்கு வரும்வரை காத்திராமல் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் (ஒன் ஸ்டாப் சென்டர்) தங்க இடம் ஏற்பாடு செய்வார்கள். அங்கே அதிகபட்சம் 5 நாள்தான் தங்க முடியும். அது தெரியாமல் ஐந்தாம் நாள் போக்கிடம் இன்றி, அடித்தவர் வீட்டுக்கே திரும்புவது அடிக்கடி நடக்கிறது. முதல் நாளே ‘அடுத்து எங்கே?’ என்று கேளுங்கள். நீண்ட நாள் தங்க சக்தி சதன் போன்ற இல்லங்கள் உண்டு. ஆண் குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். மகனின் வயதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் போய்த் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

கிளம்பப் போவதைச் சண்டையில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம். போன் இன்னொரு கண்ணி: கூகுள் கணக்கில் இருப்பிடப் பகிர்வு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் இரண்டையும் பாருங்கள். அவற்றை வீட்டில் இருக்கும்போதே நிறுத்தினால் அவருக்குச் சந்தேகம் வரும். பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் வேறு போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக் குறுஞ்செய்தி அவர் எண்ணுக்குப் போகிறதா என்பதும் முக்கியம்: ஏடிஎம்மில் பணம் எடுத்தாலே ஊர் தெரிந்துவிடும். அடைக்கலம் தந்த உறவினர் போடும் ஒரு ஸ்டேட்டஸ் படமும் போதும்.

மருத்துவமனையில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறும், பிறகு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். யார், எதனால் அடித்தார் என்று சொல்லி எழுதவையுங்கள், நகலையும் கேளுங்கள்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தபின் அதைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அதை மீறினால் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நகல் ஒன்றைத் தங்கியிருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள், இன்னொன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.