கோல் போஸ்ட் ஏன் இரண்டாக வெட்டுகிறது?

வியாசர்பாடியில் எங்கள் தெருப் பையன்களுக்குக் கால்பந்துதான் எல்லாம். மழை நாளில் அதையே கம்ப்யூட்டரில் ஆடுவார்கள். போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி மூச்சிரைக்க வந்தான். "அண்ணா, புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதுலேர்ந்து கோல் போஸ்ட் ரெண்டா வெட்டுதுண்ணா. மானிட்டரை மாத்தணும்னு கடையில சொல்றாங்க." அவன் அப்பா காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு நிற்பவர். அந்தக் காசு வீணாகக் கூடாதென்று உடனே போய்ப் பார்த்தேன்.

கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும், கம்பத்தின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி ஒரு விரல் தள்ளியும் நின்றது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கம்பம் நேராக இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இது டியரிங். கார்டும் கெடவில்லை, மானிட்டரும் கெடவில்லை.

மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வரைகிறது. 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை வரையும்போது, ஒருமுறை வரைய ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே கார்டு அடுத்த படத்தை நீட்டிவிட்டால், மீதியைப் புதுப் படத்திலிருந்து வரையும். சுவரில் நேற்று ஒட்டிய போஸ்டரின் கீழ்ப்பாதி மேல் மட்டும் இன்றைய போஸ்டரை ஒட்டிய மாதிரி. நேர்க்கம்பத்தில்தான் இது பளிச்சென்று தெரியும்.

முதலில் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை வரைகிறது என்பதை, பாருங்கள். தம்பியின் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், ஓடிக்கொண்டிருந்ததோ 60-ல்! இத்தனை நாளும் கொடுத்த காசுக்குப் பாதி வேகம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. மாற்றினேன். வெட்டு குறைந்தது, போகவில்லை.

அடுத்தது ஃப்ரீசிங்க். இதைப் போட்டால் கார்டு படம் முடிக்கும்வரை மானிட்டர் காத்திருக்கும். மானிட்டரின் சொந்த மெனுவில் இது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள். தம்பியுடையது என்விடியா கார்டு. 10 சீரிஸும் அதற்குப் பிந்தையவையும் 2019 ஜனவரியிலிருந்து இத்தகைய மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன, ஆனால் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டும். அவன் போட்டிருந்தது பழைய எச்டிஎம்ஐ. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கி, கார்டின் பின்பக்கத்திலேயே செருகி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கை (இதே வேலைக்கு என்விடியா வைத்த பெயர்) டிக் செய்தேன். கம்பம் நேரானது.

அப்புறம் ஒன்று, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஃப்ரீசிங்குக்கு ஓர் எல்லை உண்டு, அவன் மானிட்டரில் 48 முதல் 144 வரை. அதைத் தாண்டினால் வெட்டு திரும்ப வரும். அதனால் ஃபிரேம் ரேட்டை, அதாவது கார்டு நொடிக்குத் தரும் படங்களை, 141-ல் கட்டிப் போடுங்கள்.

ஃப்ரீசிங்க் இல்லாத மானிட்டரா? வி-சிங்க் போடுங்கள். மானிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை அது கார்டைக் காக்கவைக்கும். வெட்டு நிற்கும், ஆனால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு நொடிக்கு 60 படங்களை எட்டாவிட்டால் சில கேம்களில் சட்டென்று 30-க்கு விழும். கால்பந்துக்குப் பரவாயில்லை, துப்பாக்கி கேம்களுக்கு நான் போடமாட்டேன்.

எதுவும் அசையாத டெஸ்க்டாப்பிலும் அதே இடத்தில் கோடு நின்றால் அது டியரிங் இல்லை. முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்போதும் இருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.