ஓடைப் பூச்சியின் உருவ மாறுபாட்டைப் பதிவுசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் சிற்றோடைகளில் நீர்மேல் ஓடித் திரியும் பூச்சிகளில் ஒன்று அக்வேரியஸ் ரெமிஜிஸ். முழு வளர்ச்சி அடைந்த பூச்சி ஏறத்தாழ 11 முதல் 16 மி.மீ. நீளம் இருக்கும், நடுக்கால்களைத் துடுப்புப் போல் வீசி நகரும். ஓடைக்கு ஓடை இதன் உருவம் வேறுபடுவது உண்மைதான். ஆனால் குறிப்பேடுகளில் ‘மாறுபாடு’ என்று ஏறுவதில் கணிசமான பகுதி, சேகரித்த விதத்திலும் அளந்த விதத்திலும் நுழைந்துவிடும் பிழையே. அதைப் பிரித்தெடுக்காமல் வரையும் பரவல் வரைபடத்தை நம்ப முடியாது.

மிகப் பரவலான தவறு சிறகில் தொடங்குகிறது. இந்த இனத்தில் வளர்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிறகே கிடையாது. சிறகில்லை என்றதும் ‘இளம்பூச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். அதே குட்டையில் சிறகுள்ள ஒன்று சிக்கினால், அதை வேறு இனம் என்கிறார்கள். சிறகை விட்டுவிட்டு, லென்ஸின் அடியில் பாதத்தைப் பாருங்கள்: இளம்பூச்சியின் பாதம் ஒரே கணுவாக இருக்கும், வளர்ந்ததில் இரண்டு கணுக்கள் தெரியும். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, ஆணையும் பெண்ணையும் கலந்து சராசரி எடுப்பது. பெண் நீளமானது, ஆணின் முன்தொடை தடிமனானது. ஓர் ஓடையில் பெண்கள் அதிகம் பிடிபட்டால், அந்த ஓடைப் பூச்சிகளே பெரியவை என்ற பொய்யான முடிவு வரும். பாலினம் பிரித்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ஆணின் வயிற்று நுனியில் பிறப்புறுப்புக் கண்டங்கள் நீண்டு நிற்கும். அவற்றைச் சேர்த்து ஒருவர் அளப்பார், விட்டு மற்றவர் அளப்பார். எந்த முறை என்று எழுதாத ‘உடல் நீளம்’ பிறருக்குப் பயன்படாது. பெண்ணின் வயிறோ முட்டை நிறைந்தால் விரியும். எனவே நடுக்காலின் தொடை போன்ற இறுகிய உறுப்பையும் சேர்த்து அளப்பதே என் பரிந்துரை. நிறத்தை ஒப்பிடுவதானால் புதிதாகப் பிடித்ததைப் புதியதோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆல்கஹாலில் கிடந்தால் நிறம் மங்கிவிடும்.

பருவத்தைக் கவனிக்காததும் இதே அளவு கேடு செய்கிறது. வளரும் காலத்தின் வெப்பமும் கிடைத்த இரையும் முதிர்பூச்சியின் அளவைத் தீர்மானிப்பதில் பங்கேற்கின்றன. வடக்கே ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். தெற்கே ஒன்றுக்கு மேலும் வரும். ஓர் ஓடையில் குளிர்காலத்தைக் கடந்துவந்த பூச்சிகளையும், மற்றோர் ஓடையில் கோடையில் வளர்ந்தவற்றையும் எடுத்து ஒப்பிட்டால், இட வேறுபாடும் தலைமுறை வேறுபாடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

வரைபடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கிழக்கில் ரெமிஜிஸ் என்றே கருதப்பட்டு வந்த பூச்சிகளில் ஒரு பகுதி, 1996-இல் அக்வேரியஸ் ரெமிகாய்டிஸ் என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய அருங்காட்சியகச் சீட்டுகளில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்தால், இரண்டு இனங்களின் பரவல் ஒன்றாகக் கலந்துவிடும். பழைய மாதிரியை மறுபடி பரிசோதிக்காமல் அந்தப் பகுதியில் புள்ளி வைக்காதீர்கள்.

‘இங்கே இல்லை’ என்று எழுதவும் தயங்க வேண்டும். முதிர்பூச்சிகள் குளிர்காலத்தைக் கரையோரத்தில், சருகுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் கழிக்கின்றன. அப்போது நீரில் தேடிப் பயனில்லை. வேகமாகப் பாயும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, அமைதியான மடுவை விட்டுவிடுவதும் உண்டு. தேடியும் கிடைக்காத இடத்தையும், யாரும் போகாத இடத்தையும் தனித்தனியே குறியுங்கள். தேதியும் தேடிய நேரமும் கூடவே இருக்கட்டும்.

சிறகில்லாத பூச்சி ஒரு மேட்டைத் தாண்டி அடுத்த ஓடைக்கு எளிதில் போய்விடாது. அதனால் சீட்டில் அருகிலுள்ள ஊரின் பெயர் மட்டும் போதாது. ஓடையின் பெயர், அது சேரும் ஆறு, கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகிய மூன்றையும் பிடித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.